காரணப் பத்தியில் இல்லாதவர்கள்

2009 செப்டம்பர் 2 காலை 8.38 மணிக்கு ஹைதராபாத் பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து ஆந்திர அரசின் பெல் 430 ஹெலிகாப்டர் சித்தூர் மாவட்டத்தை நோக்கிக் கிளம்பியது. உள்ளே ஐந்து பேர்: முதலமைச்சர் ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி, அவருடைய முதன்மைச் செயலாளர் சுப்பிரமணியம், தலைமைப் பாதுகாப்பு அதிகாரி வெஸ்லி, விமானிகள் குரூப் கேப்டன் எஸ். கே. பாட்டியா, கேப்டன் எம். எஸ். ரெட்டி. ஒன்பதரை மணிக்குச் சற்று முன்பு நல்லமலைக் காட்டின் மேல் தொடர்பு அறுந்தது. விமானப்படையும் காவல்துறையும் கிராமத்து மக்களும் ஒரு பகலும் ஓர் இரவும் தேடினார்கள். மறுநாள் காலையில் பாவுரால குட்டா என்ற குன்றில் சிதறிக் கிடந்த துண்டுகளை ஒரு விமானப்படை ஹெலிகாப்டர் கண்டுபிடித்தது. யாரும் பிழைக்கவில்லை.

விபத்தை ஆராய்ந்த குழுவுக்கு ஆர். கே. தியாகி தலைவர். அரசு நிறுவனமான பவன் ஹான்ஸ் ஹெலிகாப்டர்ஸின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர். குழு கண்ட காரணம் சுருக்கமாக இதுதான். ஹெலிகாப்டர் இடிமேகத்துக்குள் நுழைந்து, மேலிருந்து கீழே பாயும் கடுங்காற்றில் சிக்கி, கட்டுப்பாடு இழந்து, மிகுந்த வேகத்தில் இறங்கித் தரையில் மோதியது. டிரான்ஸ்மிஷன் அமைப்பில் தென்பட்ட ஒரு கோளாற்றைத் தீர்ப்பதிலேயே விமானிகள் ஆறு நிமிடங்களுக்கு மேல் மூழ்கியிருந்தார்கள். அதனால் பாதை விலகியதைக் கவனிக்கவில்லை. வானிலை மோசமானபோது பயணத்தைக் கைவிடவும் இல்லை.

இந்தப் பத்தியில் பொய் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். இது போதாது என்பதும் என் எண்ணம்தான்.

முதலில் அறிக்கைக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சேர்த்துவிடலாம். அது எழுதப்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் சாவு ஒரு சதி என்று பாதி ஆந்திரம் நம்பத் தயாராக இருந்தது. 2010 ஜனவரியில் ஒரு தெலுங்குத் தொலைக்காட்சி ஏதோ ஓர் இணையதளத்தை ஆதாரமாகக் காட்டி ஒரு செய்தியை ஒளிபரப்ப, அதைப் பார்த்தவர்கள் ஒரு பெரிய தொழில் குழுமத்தின் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அப்படிப்பட்ட சூட்டில் மேகம், காற்று, குரல் பதிவு, கருவிகள் என்று நின்று நிதானமாக எழுதிய குழுவுக்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். தலைவர் தேர்வைப் பற்றி எழும் ஆட்சேபமும் எனக்கு முழுதாக ஒப்பில்லை. ஹெலிகாப்டர் தொழிலுக்குள்ளிருந்தே நீதிபதியை எடுத்தால் தொழிலைக் காப்பாற்றத்தான் பார்ப்பார் என்பார்கள். ஆனால் நல்லமலை மேல் பருவமழைக் காலத்தில் பறப்பது என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் எழுதும் அறிக்கையால் யாருக்கும் பயன் இல்லை. குறை தலைவரிடம் இல்லை. விசாரணையை எங்கே நிறுத்துவது என்ற முடிவில்தான் இருக்கிறது.

அந்த ஆறு நிமிடங்களை எடுத்துக்கொள்வோம். அறிக்கையின் மிக வலுவான கண்டுபிடிப்பு அது. மிக மேலோட்டமாகக் கையாளப்பட்டதும் அதுவே.

அனுபவம் மிக்க இரண்டு விமானிகள், கருத்த மேகங்களுக்கு நடுவே, ஒரு எச்சரிக்கைக்கு விடை தேடிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால், படிப்பவர் மனதில் முதலில் வருவது 'இவ்வளவு பொறுப்பில்லாமலா?' என்ற கேள்வி. அறிக்கையின் வாசகமும் அந்தக் கேள்வியை நோக்கியே தள்ளுகிறது. விமான மருத்துவமும் அதன் உடன்பிறப்பான மனிதக் காரணி ஆய்வும் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவது வேறு. கவனம் என்பது ஒழுக்கம் சார்ந்த விஷயம் அல்ல; அது ஓர் உடல் வரம்பு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தவருக்குப் பால் பொங்கும் சத்தம் காதில் விழாது. காது கெட்டுப்போனதால் அல்ல. மூளை ஒரு சிக்கலில் முழுதாக இறங்கியதும், அதற்குச் சம்பந்தமில்லாத சத்தத்தையும் காட்சியையும் தானாகவே வாசலில் நிறுத்திவிடுகிறது. அச்சமும் அவசரமும் கூடக்கூட அந்த வாசல் இன்னும் குறுகுகிறது. நல்ல விமானிக்கு இது நேராது என்று நினைப்பது தவறு. நல்ல விமானிகளுக்குத்தான் இது நேர்ந்திருக்கிறது; அவர்கள்தான் சிக்கலைத் தீர்க்காமல் விடமாட்டார்கள்.

1972 டிசம்பர் 29 இரவு. அமெரிக்காவில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ம் எண் விமானம் மயாமியில் இறங்க வருகிறது. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடியில் தானியங்கி இயக்கத்தில் விட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்த விளக்கைப் பற்றி ஆராயத் தொடங்கினார்கள். யாரோ கட்டுப்பாட்டுத் தண்டில் லேசாக இடித்ததில் உயரத்தைப் பிடித்துவைத்திருந்த இணைப்பு விலகிவிட்டது. உயரம் குறைகிறது என்று எச்சரிக்கும் மணியோசை ஒலித்தது. குரல் பதிவில் அது இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு யாரும் எதுவும் சொன்னதாகப் பதிவில் இல்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதி நூறு பேர் அளவில் இறந்தார்கள். குற்றவாளி ஒரு மின்விளக்கு. ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பரில், யுனைடெட் நிறுவனத்தின் 173-ம் எண் விமானம் போர்ட்லண்டுக்கு மேலே சக்கரக் கோளாற்றைப் பார்த்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து எரிபொருள் தீர்ந்து விழுந்தது. அடுத்த ஆண்டு நாசா கூட்டிய கருத்தரங்கிலிருந்து பிறந்ததுதான், காக்பிட்டில் இருப்பவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறையான சி.ஆர்.எம். பயிற்சி. அதன் முதல் பாடம் எளிமையானது: கோளாறு வந்தால் ஒருவர் கோளாற்றைப் பார்க்கட்டும், மற்றவர் பறப்பதை மட்டும் பார்க்கட்டும்.

ஆகவே நல்லமலையில் நடந்தது புதிது அல்ல. முப்பது ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் இருக்கும் விபத்து. அப்படியென்றால் அறிக்கை கேட்டிருக்க வேண்டிய கேள்வி 'விமானிகள் ஏன் மூழ்கினார்கள்' என்பது அல்ல, அது தெரிந்ததுதான். மாநில முதல்வரைச் சுமக்கும் ஹெலிகாப்டரின் இரண்டு விமானிகளும் சேர்ந்தே மூழ்காமல் இருக்க யார், எப்போது, எந்த இடத்தில் அவர்களைப் பழக்கினார்கள் என்பதே கேள்வி. இதில் ஊர் சார்ந்த ஒரு முரணும் இருக்கிறது. நாட்டில் விமானிகளை உருவாக்கும் ஊர்களில் ஹைதராபாத் முதல் வரிசையில் வருவது. துண்டிகலில் விமானப்படை அகாடமி, ஹகிம்பேட்டில் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி, இந்தியன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளைச் சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பழக்கிய மத்தியப் பயிற்சி நிலையம். எல்லாமே பேகம்பேட்டிலிருந்து காரில் போய்விடும் தூரம். சிமுலேட்டரில் கற்பனைக் கோளாறுகளை அடுக்கி விமானியைத் திணறவைத்து, யார் பறக்கிறார்கள் என்று பயிற்றுநர் கேட்கும் கலாச்சாரம் இந்த ஊருக்குப் பழையது. அது அரசு ஹெலிகாப்டரின் கூடாரத்துக்குள் எவ்வளவு தூரம் எட்டியது என்பதே காரணப் பத்தியில் இடம்பெற வேண்டிய செய்தி.

இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு வைக்க வேண்டும். விமானியின் தோளிலிருந்து சுமையை இறக்குவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது, எல்லாவற்றையும் 'அமைப்பு' என்ற தலையில் கட்டினால் கடைசியில் பொறுப்பேற்க ஆளே இருக்காது என்பது அந்த வாதம். நியாயம் இருக்கிறது. சட்டப்படி கேப்டன் சொல்வதுதான் இறுதி; முதல்வர் இருந்தாலும் பிரதமர் இருந்தாலும் அது மாறாது. ஹெலிகாப்டரில் வானிலை ரேடார் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஹெலிகாப்டர். ஜெட் விமானத்துக்கு ஓடுபாதை தேவை. ஹெலிகாப்டர் ஒரு சோளக் காட்டில் இறங்கி மழை விடும்வரை காத்திருக்கலாம். நல்லமலைக்கு வடக்கே தெலங்கானாவின் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. பேகம்பேட்டுக்குத் திரும்பியிருக்கலாம். வேறெந்த விமானிக்கும் இல்லாத அளவு வழிகள் அவர்களுக்கு இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. ஆகவே விமானிகளின் பங்கைக் காரணப் பத்தியிலிருந்து நீக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. அது அங்கே இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் வழிகள் இத்தனை இருந்தும் ஒன்றைக்கூட எடுக்காதபோதுதான் கேள்வி கூர்மையாகிறது. கீ டிஸ்மியூக்ஸும் அவருடைய நாசா சகாக்களும் 19 விமான விபத்துகளை எடுத்து ஆராய்ந்து 2007-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். திறமையான விமானிகள் தவறான முடிவெடுத்த இடங்களில் திரும்பத் திரும்ப அவர்கள் கண்ட ஒன்று, போட்ட திட்டத்தையே தொடரும் சாய்வு. நிலைமை மெல்ல மெல்லக் கெடும்போது, எந்த ஒரு கணமும் 'இப்போது திரும்பு' என்று உரக்கச் சொல்வதில்லை. போய்ச் சேரும் இடம் நெருங்க நெருங்கத் திரும்புவது இன்னும் கடினமாகிறது. 2020 ஜனவரியில் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்டின் ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் விழுந்தபோதும், யாரும் வற்புறுத்தாமலே விமானி தன்மேல் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் ஒரு காரணியாக இருக்கலாம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் எழுதியது. அங்கே பயணி ஒரு நட்சத்திரம். இங்கே பயணி மாநிலத்தின் முதல்வர். மூன்று மாதங்களுக்கு முன்புதான் இரண்டாம் முறை வென்று வந்தவர். கிராமத்தில் மக்கள் காத்திருக்கிறார்கள். அந்த நிகழ்ச்சிதான் அவருடைய புதிய திட்டத்தின் தொடக்கம்.

ராஜசேகர ரெட்டி விமானிகளை அவசரப்படுத்தினார் என்று சொல்ல என்னிடம் துளி ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். சொல்லத் தேவையும் இல்லை. பயணியே முதலாளியாகவும் இருக்கும் ஹெலிகாப்டரில் அழுத்தத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விமான நிறுவனத்தில் கேப்டன் பயணத்தைக் கைவிட்டால், அவருக்குப் பின்னால் ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. வானிலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் தரையில் இருக்கிறார். மாதக் கடைசியில் எல்லாப் பயணங்களின் தரவையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, 'ஏன் திரும்பவில்லை' என்று கேட்கும் ஒரு பிரிவு இருக்கிறது. முன்வரிசை இருக்கையில் இருக்கும் பயணி யார் என்பதே கேப்டனுக்குத் தெரியாது. மாநில அரசின் ஹெலிகாப்டரில் இந்தச் சுவர்களெல்லாம் மிக மெல்லியவை. இரண்டு பேர் பறக்கிறார்கள். பின்னால் அமர்ந்திருப்பவரின் அரசு அவர்களுக்குச் சம்பளம் தருகிறது. 'இன்று வேண்டாம் சார்' என்று சொல்ல வேண்டியவர் தரையில் ஒருவரும் இல்லாவிட்டால், அந்தச் சொல்லைக் காற்றில் சொல்லும் பாரம் முழுதும் விமானி தலையில் விழுகிறது. அதுவும் டிரான்ஸ்மிஷன் எச்சரிக்கை ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது.

ஆந்திரத்துக்கு இதில் முன்னெச்சரிக்கையும் இருந்தது. 2002 மார்ச் 3 அன்று மக்களவைத் தலைவர் ஜி. எம். சி. பாலயோகி இதே மாநிலத்தில், கைகலூரு அருகே, ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியாவின் சிறு விமானம் விழுந்திருந்தது. 2005-ல் ஹரியானா அமைச்சர்கள் ஓ. பி. ஜிண்டாலும் சுரேந்தர் சிங்கும் ஹெலிகாப்டரில் இறந்தார்கள். நல்லமலைக்கு இருபது மாதம் கழித்து அருணாசல முதல்வர் டோர்ஜி காண்டு. விமானிகள் வேறு, எந்திரங்கள் வேறு, மலைகள் வேறு. மாறாமல் இருந்தது, அரசியல்வாதியின் நாட்குறிப்புப்படி பறக்க வேண்டிய கட்டாயம். ஒரே விபத்தைப் பற்றிய அறிக்கைக்கு இந்த வரிசையைப் பேசும் கடமை இல்லை என்பார்கள். கடமை இருக்கிறது என்பேன். பன்னாட்டு விமான அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று வரையறுக்கிறது. அந்த அளவுகோலை வைத்தால், இறந்துபோன இருவரை மட்டும் குறிக்கும் காரணம் யாரை எதிலிருந்து தடுக்கும்?

இதைவிட ஆழமாகப் போக முடியும் என்பதற்குச் சான்று தூரத்தில் இல்லை. நல்லமலைக்கு ஏழு மாதம் கழித்து, 2010 ஏப்ரல் 10 அன்று, போலந்து அதிபர் லெக் கச்சின்ஸ்கியின் விமானம் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் அருகே மூடுபனியில் இறங்க முயன்று விழுந்தது. இறந்தவர்கள் 96 பேர். ரஷ்ய விசாரணை காக்பிட்டின் மேல் இருந்த உளவியல் அழுத்தத்தை வெளிப்படையாக எழுதியது. அதில் சில கூற்றுகள் பின்னர் பெரிய சர்ச்சைக்குள்ளாகின. எனக்கு முக்கியமாகப் படுவது போலந்தின் சொந்த விசாரணை. உள்துறை அமைச்சர் யெஷி மில்லர் தலைமையிலான குழு தன் நாட்டு விமானிகளின் தவறுகளைச் சொன்னதோடு நிற்கவில்லை. அதிபரைச் சுமந்த விமானப்படைப் பிரிவின் பயிற்சி எவ்வளவு சீரழிந்திருந்தது என்பதையும் 2011-ல் எழுதியது. அறிக்கை வெளியான அன்றே பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார். அந்தப் படைப்பிரிவே கலைக்கப்பட்டது. காரணப் பத்தியில் யார் பெயர் வருகிறதோ அங்கேதான் மாற்றம் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தியாவில் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. மங்களூர், கோழிக்கோடு ஆகிய இரண்டு அறிக்கைகளைத் தியாகி அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. 2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் தப்பினார்கள். ஏர் மார்ஷல் பூஷண் கோகலே தலைமையிலான விசாரணை, குரல் பதிவில் கேப்டனின் குறட்டைச் சத்தத்தைக் கேட்டது. இரண்டு மணி ஐந்து நிமிடப் பதிவில் ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் தூங்கியிருந்தார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை உடனே முழுதாக விழிப்பதில்லை. விமான மருத்துவம் அதைத் தூக்க மந்தம் என்று நெடுநாளாக அறியும். உடல் தூங்கக் கேட்கும் பின்னிரவில் அந்த மந்தம் இன்னும் கனக்கும். அதைக் காரணியாக எழுதியது ஒரு பெரிய அடி. துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறு) என்று சொன்னதையும், தானே கட்டுப்பாட்டை எடுக்காததையும், எடுக்கலாமா கூடாதா என்பதில் விதிகளே தெளிவற்று இருந்திருக்கலாம் என்பதையும் அது பதிவுசெய்தது. நல்லமலைக் குரல் பதிவின் கடைசி வினாடிகளிலும் அதே 'கோ அரவுண்ட்'தான் ஒலித்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். மங்களூர் அறிக்கை ஓரிடத்தில் மட்டும் பின்வாங்கியது: போதிய ஓய்வு கிடைத்திருந்தும் கேப்டன் தூங்கினார் என்றது. ஓய்வு என்பது விதிப்புத்தகம் அளக்கும் மணிக்கணக்கு. தூக்கம் என்பது உடல் அளப்பது. இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் பழி மறுபடியும் உடலின் தலையில்தான் விழும்.

கோழிக்கோடு இன்னும் ஒரு படி மேலே போனது. 2020 ஆகஸ்ட் 7 மழை இரவில், 8,858 அடி நீளமுள்ள ஓடுபாதையில் 4,438-ம் அடியில் தரைதொட்ட அதே நிறுவனத்தின் விமானம் மேசைக் குன்றின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு விமான விபத்து விசாரணைப் பிரிவு வெளியிட்ட அறிக்கை, கேப்டன் மருத்துவர் சீட்டில்லாமல் பல நீரிழிவு மாத்திரைகளை எடுத்துவந்ததையும், இரத்தச் சர்க்கரை லேசாகக் குறைந்ததால் அவருடைய தீர்மானத் திறன் நுட்பமாகக் குன்றியிருக்கலாம் என்பதையும் எழுதியது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள மருத்துவரிடம் விமானி ஏன் நோயை மறைக்கிறார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். 2015-ல் 150 பேரைக் கொன்ற ஜெர்மன்விங்ஸ் விபத்துக்கும் அது வேர். ஆனால் நான் இந்த அறிக்கையை மெச்சுவது வேறொரு வாக்கியத்துக்காக. மறுநாள் காலை அதே கேப்டன் கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது. அந்தத் தளத்தில் துணை விமானிகள் 26 பேருக்கு ஒரே ஒரு கேப்டன்தான் இருந்தார். நிறுவனத்தின் மனிதவளக் கொள்கை அப்படி. வேறு ஊரில் இறங்கிவிட்டால் மறுநாள் பயணம் கெடும் என்ற நினைப்பு அவர் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. காக்பிட்டில் எடுத்த முடிவுக்கான விதை அலுவலக மேஜையில் விழுந்ததை ஓர் இந்திய அறிக்கை பெயர் சொல்லி எழுதியது. 2009-ல் ஆந்திரத் தலைமைச் செயலகத்தை நோக்கி இப்படி ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஆக என் தீர்ப்பு இது. எந்திரவியல், வானிலையியல் நோக்கில் தியாகி அறிக்கை நம்பத்தகுந்தது. ஹெலிகாப்டர் எப்படி விழுந்தது என்பதற்கு அதைத் தாண்டிய விளக்கம் தேவையில்லை. விமானிகளின் செயலை விவரித்த வகையிலும் அது சரி. மனிதக் காரணி ஆவணமாக அது தேறாது. கவனச் சிதறலை வரம்பாகப் பார்க்காமல் தவறாகப் பார்த்தது. முடிவெடுப்பை அந்தக் காலை நேரத்துக்குள் அடைத்தது. அதற்கு முந்தைய மாதங்களில், விமானிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள், பழக்கியவர்கள், நிகழ்ச்சி நிரல் போட்டவர்கள், 'பறக்காதே' என்று சொல்லும் பதவி ஒன்றை உருவாக்காமல் விட்டவர்கள் ஆகியோர் எடுத்த முடிவுகளைக் காரணமாக ஏற்றவில்லை. அந்தப் பத்தியை நான் திருத்தினால் ஒரு வரியையும் நீக்கமாட்டேன். இன்னொரு வாக்கியம் சேர்ப்பேன்: முதலமைச்சரின் பயணத்தைத் தரையிலிருந்து நிறுத்தும் அதிகாரம் பெற்ற, அவருடைய அலுவலகத்துக்குக் கட்டுப்படாத ஒருவரை மாநில அரசு நியமிக்காதது இவ்விபத்துக்கு ஒரு காரணி. அந்த வாக்கியம் நிரூபிக்க முடியாதது என்று யாராவது சொன்னால், நிரூபிக்க முயன்ற தடயத்தை எனக்குக் காட்டட்டும்.

ஒரு இடத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. இருவருக்கும் திசைத் தடுமாற்றம் ஏற்பட்டதா? மேகத்துக்குள் காதின் அரைவட்டக் குழல்கள் பொய் சொல்லும். சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டர் நேராகப் போவதாகத் தோன்றும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் செயற்கை மேகத்துக்குள் விட்டுப் பார்த்ததில், சராசரியாக 178 வினாடியில் விமானம் அவர்கள் கையை விட்டுப் போனது. மேடைகளில் அடிக்கடி எடுத்துவிடப்படும் எண் அது. பாட்டியாவுக்கும் ரெட்டிக்கும் அதைப் பொருத்துவது முறையல்ல. அவர்கள் பயிற்சியில்லாத மாணவர்கள் அல்லர். அறிக்கை கீழ்நோக்கிய காற்றைச் சொன்னது, தடுமாற்றத்தைச் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் மருத்துவச் சொல்லைத் தூவாதது அதன் நேர்மை.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஹைதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் இருந்த யாரையாவது கேட்கலாம். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவு என்பதைக் காலை ஆறு மணிவரை நீட்டி, இரவில் தரையிறங்குவதை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதியை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. தள்ளித் தள்ளி, நீதிமன்றம் வரை போய், அதன் கடைசிப் பகுதி 2025 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ போதிய விமானிகளைத் திரட்டவில்லை. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் அதன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஹைதராபாத்தில் மக்கள் பெட்டிகளின் மேல் தூங்கினார்கள். அரசு செய்தது, விதியைத் தளர்த்தியது. அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. பயணிகள் தவித்த வேகத்தில் அது தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். நானும் பாதி ஒத்துக்கொள்வேன். கேட்க விரும்புவது ஒன்றுதான். அந்த விலக்குக் காலத்தில், அதிகாலை நான்கு மணிக்கு, ஒரு விமானி கண்ணயர்ந்து ஏதாவது நடந்திருந்தால், விலக்கில் கையெழுத்திட்ட கோப்பு விசாரணை அறிக்கையின் எந்தப் பத்தியில் வந்திருக்கும்? விபத்து விசாரணைப் பிரிவு 2012-ல் டிஜிசிஏவிடமிருந்து பிரிக்கப்பட்டது உண்மை. இரண்டும் இன்னும் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கின்றன.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து விழுந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியது, விமானி திசைத் தடுமாறினார், கட்டுப்பாட்டில் இருந்தபடியே ஹெலிகாப்டர் மலையில் மோதியது என்று விமானப்படை விசாரணை கண்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் விபத்துகளின் அட்டவணை ஒன்று வெளியானது. அதில் இந்த விபத்துக்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், விமானக் குழுவின் மனிதப் பிழை என்று மட்டும் போட்டிருந்தது.